செண்பகத்தின் கையில் இருந்த பை

மே 4, ஞாயிறு

சிபி காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தான். கோயமுத்தூரில் அவன் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியிலேயே ஒரு பெண்ணாம். பெயர் தாரிணி. கட்டினால் அவளைத்தான் கட்டுவானாம். அப்பா இல்லை. அம்மா செண்பகம் மேட்டுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் துரைசாமி சட்னியை வழித்துக்கொண்டே, "நல்ல புள்ளையா இருந்தாச் சரி" என்று முடித்துவிட்டார். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்த மனுஷன், ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், மகன் கல்யாணத்தை மட்டும் இட்லி ஆறுவதற்குள் முடிவு செய்கிறார்.

நான் எத்தனை ஜாதகம் வாங்கி வைத்திருக்கிறேன்! இங்கே கோபியிலேயே டாக்டர் வீட்டுப் பெண் இருக்கிறது, ரைஸ் மில் வீட்டுப் பெண் இருக்கிறது. தாலுகா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ஜாக்கெட் தைக்கிற வீட்டில் சம்பந்தமா என்று கேட்டேன். "ஏம்மா, நீ ஜாக்கெட் போடறதில்லையா?" என்கிறான். வாய்க்கொழுப்பு.

பெண் பார்க்கிற சடங்கு, பஜ்ஜி, சொஜ்ஜி எதுவும் வேண்டாமாம். அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் சேர்ந்து தேன்மலைக்குப் போய் அங்கே பொட்டானிக்கல் கார்டனில் ஒருநாள் இருந்துவிட்டு வரலாம் என்றான். "உனக்குத்தான் செடின்னா உசுராச்சே, அதுக்குத்தாம்மா அந்த இடம்" என்று சொன்னதும் கொஞ்சம் இளகிவிட்டேன்.

என் மாடித் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய செடி ஒன்றுகூடக் கிடையாது. பெருந்துறைக் கல்யாண மண்டபத்து மணி பிளான்ட், சித்தோட்டில் யாரோ வீட்டு அடுக்குச் செம்பருத்தி, எங்கள் ஆபீஸ் வாசல் குரோட்டன்ஸ், எல்லாம் கிள்ளி வந்தவை. கேட்டு வாங்கினால் செடி பிடிக்காது, சொல்லாமல் கிள்ளி வந்தால்தான் தளதளவென்று வரும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் சொல்வோம். அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை.

மே 10, சனி

நாளைக்கு மலை. தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாதம் கொண்டுபோகப் பெரிய தூக்குப்போசியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். முழங்கால் வலி. தைலம் தேய்க்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

காலையில் மேட்டுப்பாளையம் போய்த் தாரிணியையும் அவள் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டோம். பெண் லட்சணமாக இருக்கிறாள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முடியை விரித்துப் போடாமல் பின்னி மல்லிகை வைத்திருந்தாள். செண்பகம் ஒல்லி, என்னைவிட இளையவர். ஏறி உட்கார்ந்ததும் என் ரவிக்கையைப் பார்த்து, "தோள்பட்டை கொஞ்சம் எறங்குதுங்க. குடுத்துவிட்டீங்கன்னா ஒரு தையல் போட்டுத் தர்றனுங்க" என்றார். முதல் பேச்சே குற்றம் கண்டுபிடிக்கிற பேச்சா என்று எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் என்னடாவென்றால் முன் சீட்டில் இருந்துகொண்டு சிரிக்கிறார்.

கார்டன் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் எஸ்டேட்காரர் வைத்ததாம், இப்போது ஒரு டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. பனி இறங்கி ஏறி இறங்கி, புல்வெளி முழுக்க ஈரம். தாரிணி ஒவ்வொரு மரத்திலும் தொங்கிய பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்தாள். வாயில் நுழையாத பெயர்கள். இவர் அதைத் திருப்பிச் சொல்லப் போய் உளற, சிபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

குளத்துப் பக்கம் துண்டு விரித்துச் சாப்பிட்டோம். தக்காளி சாதத்தைத் தாரிணி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். செண்பகம் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வந்திருந்தார். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்று எடுத்திருக்கலாம், கௌரவம் பார்த்துவிட்டேன்.

சாப்பிட்டதும் பாத்திரம் அலசக் குழாயடிக்குப் போனேன். திரும்பும் வழியில் கண்ணாடி வீடு. எட்டிப் பார்த்தேன். உள்ளே பெகோனியா மட்டும் எத்தனை ரகம்! ஒன்றில் இலை முழுக்க வெள்ளி பூசி நடுவில் ரத்தச் சிவப்பு. அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

நான் வந்ததும் செண்பகம் எல்லாப் பைகளையும் தானே தூக்கிக்கொண்டார். "குடுங்க சம்பந்தியம்மா, நான் இருக்கறப்ப நீங்க தூக்கறதா?" பெண்ணைப் பெற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நானும் ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

சிபியும் தாரிணியும் காரை எடுக்க முன்னால் போனார்கள். இவர் பாத்ரூம் பக்கம் போனார்.

வெளியேறும் வாயிலில் பைகள் சோதனை செய்யப்பட்டன. செண்பகம் அவர்கள் கையில் இருந்த பையில், காலிப் பாத்திரம் ஒன்றினுள், பெகோனியாச் செடியின் தண்டு ஒன்று இருப்பது கண்டறியப்பட்டது. விசாரித்ததில் அவர் தாமே எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

வாட்ச்மேன் கத்திய கத்தலில் கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடி வீட்டில் தினம் ஏதாவது ஒன்று காணாமல் போகிறதாம். "வயசு ஆச்சேம்மா, இது திருட்டுன்னு தெரியாதா?" என்று கேட்டான். பேர், ஊர் எழுதி வாங்கிக்கொண்டான். காரோடு வந்த தாரிணி இதைப் பார்த்துவிட்டு, "நீயாம்மா எடுத்தே?" என்றாள். "ஆமா கண்ணு. ஆசப்பட்டு எடுத்துப்போட்டேன்" என்றார் செண்பகம். "இன்னிக்குப் போயியா? இவங்க முன்னாடியா?" என்று அந்தப் பெண் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டது.

இறங்கி வரும்போது தாரிணி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மே 12, திங்கள்

தலைவலி. செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

மே 13, செவ்வாய்

இவர் இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா அந்தம்மாளுக்குக் கை சும்மா இருக்காது போல. நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்து போகப் பொழங்க இருக்கறவங்க. எனக்கு மனசு ஒப்பல கோகிலா."

ஒரு செடித்துண்டு தானே என்றேன்.

"செடியோ சங்கிலியோ, எடுக்கற கை ஒண்ணுதானே?" என்றார்.

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் சொல்லியா இந்த வீட்டில் முடிவெடுக்கிறார்கள்? ரைஸ் மில் வீட்டு ஜாதகம் பீரோவில் இருக்கிறதா என்று அவரே கேட்டார். இருக்கிறது என்றேன்.

மே 15, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். "கண்டறியப்பட்டது." "ஒப்புக்கொண்டார்." ஆபீசில் யார் தலையும் உருளாமல் அறிக்கை எழுதுவதில் நான் கெட்டிக்காரி. சொந்த டைரியிலும் அதே வேலையைக் காட்டியிருக்கிறேன். தூ.

அது என் பை. அது என் போசி. கிள்ளியது நான்.

கண்ணாடி வீட்டில் யாரும் இல்லை. நகத்தாலேயே கிள்ளினேன். கைக்குட்டையை நனைத்துச் சுற்றிப் போசிக்குள் வைத்து மூடினேன். கோபி வெயிலுக்கு அந்தச் செடி ஒரு வாரம் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கிள்ளினேன். கை அதுபாட்டுக்குப் போயிற்று. அப்புறம் அந்தப் பையைச் செண்பகம் கேட்டபோது, உள்ளே இருப்பது மறந்துவிடவில்லை. இலை கசங்காமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

வாட்ச்மேன் போசியை வெளியே எடுத்தான். மூடி இடுக்கில் இலை நுனி நீட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்து, "யாரும்மா இத எடுத்தது?" என்றான். செண்பகம் போசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த டிக்கெட் விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு, சிறியவர்களுக்கு, கேமராவுக்கு.

அது என் கல்யாணச் சீரில் வந்த பாத்திரம். வயிற்றில் "கோகிலவாணி" என்று பெரிய எழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது. அவன் குனிந்து பார்த்திருந்தால் படித்திருப்பான். செண்பகம் சட்டென்று போசியை அவன் கையிலிருந்து வாங்கி, பேர் இருந்த பக்கத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "நாந்தானுங்க, தெரியாம எடுத்துப்போட்டேன்" என்றார்.

அவன் திட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. என் பேரை மறைத்துக்கொண்டு என் திட்டை வாங்கிக்கொண்டு நின்றார். அந்தக் குழப்பத்தில் மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது பையும் போசியும் அவரோடேயே போய்விட்டன.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். ஒன்றும் குறையவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மே 17, சனி

சிபி வந்திருக்கிறான். முகம் சுண்டிப்போய் இருக்கிறது. பிடித்த வத்தக்குழம்பு வைத்தும் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டான்.

தாரிணியே வேண்டாம் என்கிறாளாம். "உங்கம்மா அப்பா மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்கிறாளாம். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுக் கோயமுத்தூரில் சிநேகிதி ரூமில் போய்த் தங்கிக்கொண்டாள். அம்மா போன் செய்தால்கூட எடுப்பதில்லையாம்.

"எனக்கு அது பெரிய விசயமே இல்லம்மா. செடிதானே. ஆனா அவளால தாங்க முடியல. அப்பா இல்லாத வீடு, அம்மாவப் பத்தி யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாதுன்னே வளந்தவ" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ பக்கத்துலதானே இருந்தே? என்னதாம்மா நடந்துச்சு?" என்று கேட்டான்.

வாசல் கதவு திறந்த மாதிரி ஒரு கேள்வி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நான் கவனிக்கலப்பா" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். அதுதான் தாங்கவில்லை.

மே 18, ஞாயிறு

சிபி போய்விட்டான். ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் போக மறந்துவிட்டான்.

இன்னும் ஒன்றை எழுத வேண்டும். எழுதாமல் இரண்டு மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

வாட்ச்மேன் செண்பகத்தைத் திட்டியபோது எனக்குப் பயமாக இருந்தது, உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை. உள்ளே ஒரு ஓரத்தில், "சரி, இதோடு இந்தச் சம்பந்தம் ஒழிந்தது" என்று ஒரு நிம்மதியும் வந்தது. நிம்மதி என்றுகூடச் சொல்லக்கூடாது. சந்தோஷம். என் ரவிக்கைத் தோள்பட்டையைக் குற்றம் சொன்னவளுக்கு நன்றாக வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எனக்காக அவர் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அப்படி நினைத்தேன்.

என்ன பிறவி நான்?

மே 20, செவ்வாய்

பல் டாக்டரிடம் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மன்னித்துவிடுங்கள், புத்தி கெட்டுப்போச்சு, இத்யாதி. அவர் "விடுங்க, பரவால்லை" என்று சொல்லிவிடுவார், வீட்டுக்கு வந்து தூங்கலாம் என்பதுதான் என் கணக்கு.

பேக்கரிக்குப் பக்கத்தில் சின்னக் கடை. ஒரு காலேஜ் பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி டேப் நின்றது. "வாங்க. உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சம்பந்தியம்மா என்று சொல்லவில்லை. அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தேன். டீ வந்தது.

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. செண்பகம் அழவும் இல்லை, தேற்றவும் இல்லை. மிஷினில் ஒரு பட்டன்பட்டியை ஓட்டி முடித்து நூலை வெட்டினார்.

"உங்க போசின்னு எனக்குத் தெரியாதுங்களா? பேரு வெட்டியிருக்குதே. பொண்ணக் குடுக்கப் போற எடம். உங்களக் காட்டிக் குடுத்துட்டு எந்த மொகத்தோட வந்து எம்பொண்ண உங்ககிட்ட உடறது? அதனால நான்னு சொன்னேன். அது நானாச் செஞ்சது, அதுக்கு உங்களக் கோவிச்சுக்கப் போறதில்லீங்க."

எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க" என்றார். "அந்த ஆளு போசியத் தூக்கிக் காட்டறப்ப நீங்க எம்பக்கத்துலதான நின்னுட்டிருந்தீங்க? ஏனுங்க தள்ளிப் போனீங்க?"

நான் இதை டைரியில்கூட எழுதவில்லை. ஆமாம், தள்ளிப் போனேன். யாரோ ஒரு குடும்பம், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு வந்தவள் மாதிரி அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"நாந்தான்னு நீங்க சொல்லோணும்னு நான் எதிர்பாக்கலீங்க. அத்தன பேர் முன்னால யாருக்குமே சிரமந்தான். ஆனா பக்கத்துல நின்னிருக்கலாமுங்க. சும்மா நின்னிருந்தாக்கூடப் போதும்."

நான் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"எம்பொண்ணு எங்கிட்டப் பேசறதில்லீங்க. மத்தியானம் அவ போன் வரும், என்ன சாப்புட்டேன்னு கேப்பா. வேலைக்குப் போன நாள்லருந்து அதுதான் வழக்கம். இப்ப வர்றதில்ல" என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது.

"நீங்க அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கிற ஆளைப் பார்!

"சொன்னா? கல்யாணம் நிக்கப் போகுதுன்னு சம்பந்தியம்மா மேல பழி போடறேன்னு சொல்லுவா. நம்புவாளா? நீங்கதான் சொல்லோணும். எங்கிட்ட வந்து சொன்னது பத்தாதுங்க."

சொல்கிறேன் என்றேன். "சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சத்தியமாக என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அலமாரிக்கு அடியிலிருந்து என் போசியை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே, உள்ளே நாட்டுச்சர்க்கரை போட்டிருந்தது. இத்தனை கோபத்திலும் அந்த மரியாதையை அவர் விடவில்லை. பஸ்ஸில் வரும்போது போசியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேர் வெட்டிய பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பித்தான் வைத்துக்கொண்டேன்.

மே 21, புதன்

மாட்டிக்கொண்டேன். இவர் காப்பிக்குச் சர்க்கரை தேடப் போய்ப் போசியைப் பார்த்துவிட்டார்.

"இது அன்னிக்கு மலைக்குக் கொண்டுபோனதாச்சே? அந்தம்மாளோட போயிருச்சுன்னே? பல் டாக்டர் குடுத்தாரா?"

கேஷியர் கண். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சர்க்கரை போடாத காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் போசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா நாம தலை காட்ட முடியாது. சிபி உன்னய மதிப்பானா? வர்ற மருமக மதிப்பாளா? நான் ஒரு வழி சொல்றேன். நாமளே பெரிய மனசு பண்ணி, 'நடந்தது நடந்துபோச்சு, நாங்க அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலீங்க'ன்னு சொல்லிரலாம். கல்யாணமும் நடந்துரும். அந்தம்மாளுக்கும் அதுதான வேணும்?"

செய்யாத திருட்டுக்கு அவரை நாங்கள் மன்னிப்பதாம். இவருடைய யோசனை என்று எழுதினேன். ஆனால் கேட்டதும் எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. "சரிங்க" என்று சொன்னது என் வாய்தான்.

மே 22, வியாழன்

இவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்தார், நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மனுசன்னா ஒரு சமயம் சறுக்கறதுதானுங்க. நாங்க அதப் பெருசா எடுத்துக்கலீங்க."

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கட் ஆகிவிட்டதோ என்று இவர் போனைத் தட்டிப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா பக்கத்துல இருக்கறாங்களா?" என்று கேட்டார் செண்பகம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன்.

"சரிங்க. உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கீரையில் பாதி தண்டோடு போய்விட்டது. சட்டியைத் திருப்பிக் கொட்டி மறுபடியும் ஆய்ந்தேன்.

மே 24, சனி

இவர் விஷயத்தைச் சொன்னதிலிருந்து சிபி போனில் துள்ளுகிறான். "அப்பா சூப்பர்ம்மா! நீயும்தான்!" நாளைக்குத் தாரிணியைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். இவர் மைசூர்பாகு வாங்கி வந்துவிட்டார். வீட்டைக் கூட்டி, திரைச்சீலை மாற்றினேன்.

மே 25, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றி எழுதிவிடுவேன்.

பதினோரு மணி வாக்கில் பைக்கில் வந்தார்கள். பெண் இளைத்துப் போயிருந்தது. உள்ளே வந்ததும் நேராக என்னிடம் வந்து காலைத் தொட்டது. நான் பின்னால் நகர்ந்தேன், சுவர் இருந்தது.

"அத்தை, எங்கம்மா பண்ணுனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க இவ்வளவு பெரிய மனசாப் போவீங்கன்னு நெனைக்கவே இல்ல. இனிமே உங்களுக்கு ஒரு தலைகுனிவும் வராது. அம்மா இந்த வீட்டுக்கு அடிக்கடி வரமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் நான் சொல்வதாக இல்லை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஒருநாள் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் தன் தாயை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதாக எனக்கு வாக்குக் கொடுக்கிறது. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு கொடுக்கிறது.

"தாரிணி, அந்தச் செடியக் கிள்ளுனது நானு" என்றேன்.

"கோகிலா, உள்ள போய்க் காப்பி போடு" என்றார் இவர்.

"இருங்க. நாந்தான் கிள்ளுனேன். எம்பைலதான் இருந்துச்சு. உங்கம்மா எனக்காகத் தூக்கிட்டு வந்தாங்க, அவ்வளவுதான். எம்மானம் போகக் கூடாதுன்னு அவங்க ஏத்துக்கிட்டாங்க. நான் தள்ளிப் போயி நின்னு வேடிக்க பாத்தேன்."

சிபி ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தான் போல. சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நான் கேட்டேனேம்மா. கவனிக்கலன்னு சொன்னே" என்றான். ஆமாம் என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். இவர் மைசூர்பாகுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவனுக்குப் புரிந்துவிட்டது.

தாரிணி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நான் அவங்கள என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா?" என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக. "எத்தன நாளா இந்தப் பழக்கம்னு கேட்டேன். எங்கம்மாவப் பாத்து. அப்பவும் அவங்க ஒண்ணுமே சொல்லலயே."

போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போனாள். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் போல. சமையல்கட்டு ஜன்னல் வழியாக எனக்கு முதுகுதான் தெரிந்தது.

"அம்மா... சாப்ட்டியா?" என்றாள்.

குழாய்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். போனில் செண்பகத்தின் குரல் எனக்கே கேட்டது. "ஏன் கண்ணு, என்னாச்சு சாமி? அழுவாத கண்ணு, சாப்ட்டேன்." பதறிப்போய்த் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிபி பைக் சாவியை எடுத்தான். மேட்டுப்பாளையம் போகிறார்கள். கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கிற யோக்கியதையும் இல்லை. இலை போட்டுப் பரிமாற எல்லாம் தயாராக இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

பின்னாலேயே வாசல்வரை போனேன். போயிட்டு வர்றோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.